எக்ஸ்சேஞ்சுக்கு வந்த பெட்டிகளும் ஒரு காசநோயாளியும்

1/
போன மாசம் பொண்ணோட பழைய கீபோர்டை எக்ஸ்சேஞ்ச் பண்ண ஒரு வாத்தியக் கடைக்குப் போயிருந்தேன். எட்டு வருஷத்துக்கு முன்னாடி ஒன்பதாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கினது. ஒரே ஒரு கட்டை மட்டும் அப்பப்ப ஒட்டிக்கும். மத்தபடி குறை இல்லை. கடைக்காரர் திருப்பிப் பார்த்தார், எல்லாக் கட்டையையும் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார், "ரெண்டாயிரம் போட்டுக்கலாம் டாக்டர்" என்றார்.

2/
எனக்குச் சுருக்குனு இருந்தது. முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிஞ்சிருக்கும். "புதுசு வாங்க வசதி இல்லாதவங்க தினமும் வர்றாங்க சார். 'செகண்ட் ஹேண்ட் ஏதாச்சும் இருக்கா?'ன்னுதான் முதல் கேள்வியே. இது இங்க ஒரு வாரம் தாங்காது" என்றார்.

3/
அந்த வார்த்தை மனசுல தங்கிடுச்சு. ஏன்னா, உலக இசை வரலாற்றோட ஒரு முக்கியமான அத்தியாயம் அப்படிப்பட்ட ஓர் அலமாரியிலதான் எழுதப்பட்டது. வாத்தியக் கடையில், அடகுக் கடையில், 'இது யாருக்கும் வேணாம்'னு ஓரமா வெச்ச பெட்டிகளில்.

இன்னைக்கு சுகர், பிரஷர் கிடையாது. ஆனா டாக்டர் எழுதுற இழையாச்சே... ஒரு காசநோயாளி வருவார். கொஞ்சம் நீளம். டீயோட உக்காருங்க.

4/
முதல்ல கடைக்காரர் பக்கத்து நியாயத்தைச் சொல்லிடறேன். பழைய வாத்தியத்தை நாம கொடுத்தா, அது திரும்ப விற்கிற விலையில் ஏறக்குறைய பாதிதான் நம்ம கைக்கு வரும். மீதியில்தான் அவர் அதைச் சரி பார்க்கணும், துடைக்கணும், விற்கிற வரைக்கும் இடம் கொடுக்கணும், வாங்கினவர் நாளைக்கே தூக்கிட்டு வந்தா பதிலும் சொல்லணும். நாம பொருளின் நினைவுக்கு விலை கேக்கறோம். அவர் பொருளுக்கு விலை சொல்றார்.

5/
இந்த வியாபாரத்துக்கும் அடகுக்கும் எப்பவுமே உறவு உண்டு. அமெரிக்காவில் சாம் ஆஷ்னு ஒரு பெரிய வாத்தியக் கடைச் சங்கிலி இருந்தது. 1924-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் வயலின் கலைஞர் சாம் ஆஷும் அவர் மனைவி ரோஸும் ஆரம்பிச்சது. முன்பணமா 400 டாலர் தேவைப்பட்டது. ரோஸ் தன் நிச்சயதார்த்த மோதிரத்தை அடகு வெச்சார். நம்ம வீட்டுக் கதை மாதிரியே இருக்கில்ல?

6/
பின்னாட்களில் நியூயார்க்கின் மேற்கு 48-வது தெருவே வாத்தியக் கடைத் தெருவா மாறிப்போச்சு. சாம் ஆஷ் அங்கே இருந்தது. 1935-ல் ஆரம்பிச்ச மேனீஸ் என்ற கடையும் அங்கேதான். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கிட்டார் வாங்கின கடை அது. பெரிய கலைஞர்கள் புதுசு வாங்க வருவாங்க. கச்சேரி இல்லாத மாசத்தில் சின்னக் கலைஞர்கள் பழசை விற்க வருவாங்க. ரெண்டும் ஒரே கவுண்டர்தான்.

7/
சரி, இப்ப நம்ம நோயாளிகிட்ட வருவோம். பெயர் இகுதாரோ ககெஹாஷி. 1930-ல் ஜப்பானின் ஒசாகாவில் பிறந்தார். ரெண்டு வயசுக்குள்ள அப்பா அம்மா ரெண்டு பேரும் காசநோயில் போயிட்டாங்க. தாத்தா பாட்டி வளர்ப்பு. போர் முடிஞ்ச ஜப்பானில், உடல்நிலை காரணமா பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கல. பதினாறு வயசுப் பையன் கடிகாரம் ரிப்பேர் பார்க்க ஆரம்பிச்சார். அப்புறம் ரேடியோ ரிப்பேர்.

8/
படிக்கணும்னு மறுபடி ஒசாகா திரும்பினார். அந்த நேரத்தில் அவரையும் காசநோய் பிடிச்சது. ரெண்டு நுரையீரலிலும். பல வருஷம் மருத்துவமனைப் படுக்கை. 1950-களின் தொடக்கத்தில் இதுக்கு என்ன அர்த்தம்னு என் வயசு டாக்டர்களுக்குப் பாடப் புத்தகம் வழியாத்தான் தெரியும். எங்க ஆசிரியர்கள் கண்ணால் பார்த்தவங்க. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு, காத்திருப்பு. பலருக்கு அவ்வளவுதான் வைத்தியம்.

9/
அப்பத்தான் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. 1943-ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற ஆராய்ச்சி மாணவர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியில் இருந்து பிரிச்செடுத்த மருந்து. காசநோய்க் கிருமியை அடிச்ச முதல் ஆன்டிபயாடிக். அதைச் சோதனை முறையில் பெற்ற நோயாளிகளில் ஒருவர் ககெஹாஷி. பிழைச்சார்.

10/
மருத்துவ மாணவர்களை வாய்மொழித் தேர்வில் நாங்க கேக்கிற ஒரு கேள்வி: "ஸ்ட்ரெப்டோமைசினின் முக்கியமான பக்கவிளைவு என்னப்பா?"

பதில்: உள்காது. தலைசுற்றல் வரலாம், சிலருக்குக் கேட்கும் திறனே போகலாம்.

அந்த மருந்தைப் போட்டுக்கிட்டு எழுந்து வந்த மனுஷன்தான் அடுத்த அறுபது வருஷம் ஒலிக்காகவே வாழ்ந்தார். இதைப் படிச்சப்ப நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வெச்சுட்டேன்.

11/
ஒரு சின்ன இடைச்செருகல். நம்ம சென்னைக்கும் இந்தக் கதையில் பெருமை உண்டு. 1956-ல் இங்கே தொடங்கின காசநோய் ஆய்வு மையம், 'மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டா சானடோரியப் படுக்கை வேண்டாம், வீட்டிலேயே குணமாகலாம்'னு நிரூபிச்சது. 1959-ல் வெளியான அந்த முடிவு உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சையை மாத்திடுச்சு. சரி, ஒசாகாவுக்குத் திரும்புவோம்.

12/
மருத்துவமனையிலிருந்து வெளியே வந்த ககெஹாஷி 1954-ல் ஒரு மின்சாதன ரிப்பேர் கடை போட்டார். 1960-ல் ஏஸ் எலக்ட்ரானிக்ஸ். 1972-ல் ரோலண்ட். ஆமா, சினிமா ஸ்டுடியோவிலும் கச்சேரி மேடையிலும் நாம பார்க்கிற அதே ரோலண்ட். கம்பெனி முதலாளியா இருந்தாலும் அவர் அடிப்படையில் ஒரு ரிப்பேர்க்காரர். இதை ஞாபகம் வெச்சுக்கங்க.

13/
1980-ல் ரோலண்ட் ஒரு பெட்டியைக் கொண்டு வந்தது. டிஆர்-808. டிஆர் என்றால் டிரான்சிஸ்டர் ரிதம். டிரம்மர் இல்லாமலே தாளம் வாசிக்கிற இயந்திரம். கீழே வரிசையா 16 பொத்தான்: சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை. எந்தப் பொத்தானை அழுத்தி வைக்கிறீங்களோ அந்த இடத்தில் அடி விழும். சங்கீதம் தெரியணும்னு அவசியமே இல்லை. கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி.

14/
அதே வருஷம் அமெரிக்காவில் ரோஜர் லின் என்பவர் எல்எம்-1 என்ற டிரம் இயந்திரத்தை விட்டார். அது நிஜ டிரம்மைப் பதிவு செஞ்சு, சிப்பில் அடைச்சு, திரும்ப வாசிக்கும். கேட்டா நிஜம் மாதிரியே இருக்கும். விலை சுமார் 5,000 டாலர். வித்தது 500-ஐ ஒட்டித்தான். பாடகர் பிரின்ஸ் மாதிரி ஆட்கள் வாங்கினாங்க.

808-ன் விலை 1,195 டாலர். மெமரி சிப் அப்ப ரொம்ப விலை. அதனால் 808-ல் பதிவு எதுவும் கிடையாது. எல்லா ஒலியும் மின்சுற்றிலேயே உருவாகணும்.

15/
விளைவு? 808-ன் டிரம் டிரம் மாதிரி இல்லை. அதன் பெரிய டிரம் ஒலி, அடிச்சதும் ஒரு 'பூம்', அப்புறம் நெஞ்சுக்குள்ள இறங்குற நீளமான அதிர்வு. கைதட்டல் ஒலி, மழை பெய்த தகரம் மாதிரி. "இதை எவன் டிரம்னு சொல்லுவான்?"னு தொழில்முறைக் கலைஞர்கள் பலர் முகம் சுளிச்சாங்க.

16/
அதன் ஜல்லரி ஒலிக்குள்ள ஒரு ரகசியம் இருந்தது. அந்தச் 'சர்ர்' ஓசைக்காக ககெஹாஷி வேணும்னே பழுதான டிரான்சிஸ்டர்களைத் தேடி வாங்கினார். தரச் சோதனையில் தோத்துப்போன சரக்கு. அந்தக் கோளாறுதான் அவருக்குத் தேவையான சத்தத்தைக் கொடுத்தது. பழுதைப் பார்த்தே வளர்ந்த ரிப்பேர்க்காரருக்குத்தான் இந்தப் புத்தி வரும்.

17/
ஆனா உற்பத்தித் தொழில்நுட்பம் முன்னேற முன்னேற, பழுதான டிரான்சிஸ்டர் கிடைக்கிறதே அரிதாப் போச்சு! சரக்கு வந்தாத்தானே பெட்டி செய்ய முடியும்? விற்பனையும் பெரிசா இல்லை. 1983-ல் 808-ஐ நிறுத்திட்டாங்க. மூணு வருஷத்தில் மொத்தம் சுமார் 12,000 பெட்டி.

18/
அதுக்கு ஒரு தம்பியும் இருந்தது. டிபி-303. பெயரைப் பார்த்துப் பதறாதீங்க. டிபி-யிலிருந்து மீண்டவர் கம்பெனியில் செஞ்ச டிபி! அதுக்கு விரிவு டிரான்சிஸ்டர் பேஸ். தடாவோ கிகுமோதோ என்ற பொறியாளர் வடிவமைச்சது. தனியா பயிற்சி பண்ற கிட்டார் கலைஞருக்குப் பின்னாடி பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் இல்லைன்னா, இந்தச் சின்ன வெள்ளிப் பெட்டி வாசிக்கும். அதுதான் திட்டம். விலை 395 டாலர்.

19/
திட்டம் படுதோல்வி. பேஸ் கிட்டார் மாதிரி அது ஒலிக்கவே இல்லை. ஒரு பாட்டை அதுக்குச் சொல்லிக் கொடுக்கிறதுக்குள்ள கிட்டார்காரர் தானே வாசிச்சு முடிச்சிடலாம். பேட்டரியைக் கழட்டினா நினைவில் இருந்தது குழம்பிப் போகும். 1984-ல் கதையை முடிச்சாங்க. சுமார் 10,000 பெட்டி. கடைகளில் கழிவு விலை. அப்புறம் செகண்ட் ஹேண்ட். அப்புறம் அடகுக் கடை.

20/
இதே நேரத்தில் இன்னொண்ணும் நடந்தது. 1983-ல் யமஹா டிஎக்ஸ்7 வந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் சௌனிங் கண்டுபிடிச்ச எஃப்எம் முறையில் வேலை செய்யும் டிஜிட்டல் கீபோர்டு. 1,995 டாலர். மணி ஒலி, மின் பியானோ ஒலி எல்லாம் கண்ணாடி மாதிரித் தெளிவு. லட்சத்துக்கு மேல் வித்தது.

இதுக்கு நம்ம கதையில் என்ன வேலை?

21/
டிஎக்ஸ்7 வாங்கக் காசு வேணும். வீட்டில் இருந்த பழைய அனலாக் பெட்டிகளைக் கடையில் கொடுத்தாங்க. மூக் சின்தசைசர், ரோலண்ட், கோர்க், எல்லாம். 'டிஜிட்டல் வந்தாச்சு, இனி இதெல்லாம் யாருக்கு?' என்ற மனநிலை. நம்ம ஊரில் ஃபிளாட் டிவி வந்தப்ப குண்டு டிவி எங்கே போச்சு, அதே கதை. கடைகளின் பழைய சாமான் அலமாரி நிரம்பி வழிஞ்சது. விலை சரிஞ்சது.

22/
இப்ப கேள்வி. அந்த அலமாரி முன்னாடி யார் வந்து நின்னாங்க?

ஸ்டுடியோ வைக்க வசதி இல்லாத பிள்ளைகள். பெரும்பாலும் கறுப்பின இளைஞர்கள். டெட்ராய்ட், சிகாகோ, நியூயார்க். டிரம்மர் கிடையாது, பேண்டு கிடையாது, வாடகை வீட்டில் ஒரு படுக்கையறை. கையில் பகுதிநேர வேலைக் காசு. 'டிரம் மாதிரி இல்லையே' என்பது அவங்களுக்குக் குறையாவே படல. அவங்க டிரம்மைத் தேடி வரல.

23/
நியூயார்க்கிலிருந்து ஒரு காட்சி. 1982. ஆஃப்ரிகா பம்பாட்டாவின் 'பிளானட் ராக்' பாட்டு தயாராகுது. தயாரிப்பாளர் ஆர்தர் பேக்கருக்கு 808 வேணும். வாங்கக் காசில்லை. உள்ளூர் வாரப் பத்திரிகையில் ஒரு வரி விளம்பரம்: டிரம் இயந்திரத்தோடு ஆள் வருவார், ஒரு தடவைக்கு 20 டாலர். கூப்பிட்டாங்க. வந்தார். பதிவு பண்ணாங்க. ஹிப் ஹாப்பின் போக்கை மாத்தின பாட்டு அது. வாடகை 20 டாலர்.

24/
டெட்ராய்ட். கார் தொழிற்சாலைகள் ஒவ்வொண்ணா மூடிக்கிட்டிருந்த ஊர். 1950-ல் 18 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை 1980-ல் 12 லட்சம். அங்கே ஹுவான் அட்கின்ஸ் என்ற பையன். பாட்டிக்கு ஆர்கன் மேல் ஆசை, வாத்தியக் கடைக்குப் போவாங்க. கூடப் போன பேரன் கண்ணு கோர்க் எம்எஸ்-10 என்ற சின்ன சின்தசைசரில் விழுந்தது. பாட்டி மனசு வெச்சாங்க.

25/
அந்தப் பேரனும் அவன் பள்ளித் தோழர்கள் டெரிக் மே, கெவின் சாண்டர்சனும் சேர்ந்து உருவாக்கின இசைக்குப் பெயர்தான் டெக்னோ. இன்னைக்கு பெர்லினில் அதுக்கு ஊரே திருவிழா எடுக்குது. ஆரம்பம்? ஒரு பாட்டி, ஒரு பேரன், ஒரு கடை.

26/
சிகாகோ. 1979-ல் அங்கே ஒரு பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவிச்சு வெடி வெச்சுக் கொளுத்தினாங்க. 'டிஸ்கோ செத்துப்போச்சு'ன்னு கொண்டாட்டம். டிஸ்கோ யாருடைய இசைன்னு பார்த்தா அதில் ஒளிஞ்சிருந்த வெறுப்பும் புரியும். ஆனா கறுப்பின, லத்தீன் இளைஞர்களும் ஒருபாலீர்ப்பாளர்களும் கூடுற வேர்ஹவுஸ் என்ற கிளப்பில் ஃபிராங்கி நக்கிள்ஸ் விடாம வாசிச்சுக்கிட்டிருந்தார். 'ஹவுஸ்' என்ற இசையின் பெயரே அந்த வேர்ஹவுஸிலிருந்து வந்ததுதான்.

27/
இங்க ஒரு அழகான கைமாற்றம். 808-க்கு அடுத்து ரோலண்ட் 1983-ல் விட்ட டிஆர்-909 ஒண்ணு டெட்ராய்ட்டில் டெரிக் மேகிட்ட இருந்தது. அவர் அதை சிகாகோவில் இருந்த ஃபிராங்கி நக்கிள்ஸுக்கு வித்தார். ஒரு ஊரின் தாளம் இன்னொரு ஊருக்குக் கை மாறிப் போச்சு. பழைய சாமான் வியாபாரம்னு நாம சொல்றோம். வரலாற்று ஆசிரியர்கள் இதையே பண்பாட்டுப் பரிமாற்றம்னு எழுதுவாங்க.

28/
அதே சிகாகோவில் மூணு பசங்க: பியர், ஸ்பான்கி, ஹெர்ப். கையில் செகண்ட் ஹேண்டில் சல்லிசா வாங்கின ஒரு 303. எப்படி இயக்கணும்னு சரியாத் தெரியாது. தெரியாததுதான் நல்லதாப் போச்சு. ஓடிக்கிட்டிருக்கும்போதே குமிழைத் திருகினாங்க. பேஸ் கிட்டாரா இருக்க வேண்டிய ஒலி நெளிஞ்சது, கீச்சிட்டது, கொப்பளிச்சது. "திருகிக்கிட்டே இரு, நிறுத்தாதே!"

29/
அதைப் பதிவு செஞ்சு ரான் ஹார்டி என்ற டிஜே கையில் கொடுத்தாங்க. முதல் தடவை போட்டப்ப ஆடிக்கிட்டிருந்தவங்க தளத்தை விட்டு இறங்கிட்டாங்களாம். அவர் விடல. அதே இரவில் திரும்பத் திரும்பப் போட்டார். நாலாவது தடவை கூட்டம் வெறி பிடிச்சு ஆடுச்சுன்னு பியர் நினைவுகூர்வார். 'ஆசிட் டிராக்ஸ்' என்று 1987-ல் வெளியானது. அடுத்த வருஷமே இங்கிலாந்தின் இளைஞர் கூட்டம் மொத்தமும் அந்த ஒலியின் பின்னாடி ஓடுச்சு.

30/
இப்ப ஒரு கொசுறு. நம்மாள் ஒருத்தர் இதை முன்னாடியே செஞ்சுட்டார்! சரண்ஜித் சிங். பம்பாய் சினிமா ஸ்டுடியோக்களில் வாசிச்ச கலைஞர். சிங்கப்பூர் போனப்ப கடையில் இந்த ரோலண்ட் பெட்டிகளைப் பார்த்து வாங்கிட்டு வந்தார். 808, 303, ஜூபிடர்-8. அதில் ராகங்களை வாசிச்சு 1982-ல் ஓர் இசைத்தட்டு போட்டார்: பத்து ராகம், டிஸ்கோ தாளம். சிகாகோ பசங்களுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி.

31/
யாரும் வாங்கல. அந்தத் தட்டும் பழைய சாமான்தான் ஆச்சு. 2002-ல் டெல்லியில் பழைய தட்டு தேடி வந்த ஒரு டச்சுக்காரர் கையில் சிக்குச்சு. 2010-ல் மறுபதிப்பு வந்தப்ப உலகமே வாயைப் பிளந்தது. சரண்ஜித்துக்கு அப்ப வயசு எழுபதை நெருங்கிடுச்சு. ஐரோப்பிய மேடைகளில் போய் வாசிச்சார். 2015-ல் மறைஞ்சார். அவருக்குப் பெட்டி கிடைச்சது. அந்த ஒலியைப் பிடிச்சுக்கிட்டு ஆட ஒரு கூட்டம் கிடைக்கல.

32/
இதை ஏன் சொல்றேன்னா, 'மலிவான பெட்டி கிடைச்சா புது இசை வந்துடும்'னு சுருக்கிடாதீங்க. கிளப் வேணும், விடாம நாலு தடவை போடுற டிஜே வேணும், பக்கத்து வீட்டு நண்பன் வேணும். அதே மாதிரி 808 ஏழைகளிடம் மட்டும் இருந்ததுன்னும் இல்லை. மார்வின் கே 1982-ல் தன் பெரிய ஹிட் பாட்டை அதில்தான் பண்ணினார். ஆனா பெட்டி எட்டாத உயரத்தில் இருந்திருந்தா அந்தப் பசங்க கதை தொடங்கியே இருக்காது. மருந்து இல்லாம வைத்தியம் இல்லை, மருந்து மட்டுமே வைத்தியமும் இல்லை. அதே கணக்கு.

33/
ககெஹாஷி செஞ்ச இன்னொரு நல்ல காரியம் மிடி. வேற வேற கம்பெனி இசைப் பெட்டிகள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிறதுக்கான பொது மொழி. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தோடு சேர்ந்து முன்னெடுத்தார். 1983-ல் வெளியானது. யாரும் யாருக்கும் உரிமத் தொகை கட்ட வேண்டாம்னு திறந்து விட்டாங்க. அதனால்தான் ஒரு கம்பெனியின் பழைய பெட்டியும் இன்னொரு கம்பெனியின் புதுப் பெட்டியும் ஒரே மேசையில் குடும்பம் நடத்த முடியுது. 2013-ல் ரெண்டு பேருக்கும் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைச்சது.

34/
இன்னைக்கு நிலைமை? நிஜ 808, நிஜ 303 ரெண்டும் பல ஆயிரம் டாலர். சேகரிப்பாளர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வெச்சிருக்காங்க. எந்தப் பெட்டி வசதி இல்லாதவன் கையில் வளர்ந்ததோ, அதை இன்னைக்கு அவன் தொடவே முடியாது. ஆறுதல் என்னன்னா ரோலண்டே சின்ன வடிவில் மறுபடி செய்யுது, மத்த கம்பெனிகள் மலிவு நகல் விடுது, செல்ஃபோனிலேயே அந்த ஒலி வந்தாச்சு. இசைத் தயாரிப்பு செய்யுற பசங்களைக் கேளுங்க. '808' என்றால் அவங்களுக்கு இப்ப பெட்டியே இல்லை. அந்த 'பூம்'முக்கே அதுதான் பெயர்.

35/
கடைகள்? 48-வது தெருவின் மேனீஸ் 2009-ல் மூடியாச்சு. ரோஸ் அம்மாவின் மோதிரத்தில் தொடங்கின சாம் ஆஷ் சரியா நூறாவது வருஷத்தில், 2024-ல், எல்லாக் கடைகளையும் மூடிடுச்சு. இணையத்தில் வாங்கறது வசதிதான், நானும் வாங்கறேன். ஆனா பாட்டியோட போன பேரன் தேடாத ஒண்ணைக் கண்டுபிடிக்கிற அந்த வாய்ப்பு? தேடல் பெட்டியில் நாம தெரிஞ்சதைத்தான் தட்டச்சு பண்றோம்.

36/
ககெஹாஷி 2017 ஏப்ரலில் மறைஞ்சார். 87 வயசு. இருபது சொச்சம் வயசில் ரெண்டு நுரையீரலிலும் காசநோயோடு படுத்திருந்தவர். வேறொரு நாட்டின் ஆய்வகத்தில், வேறு யாரோ மண்ணைக் கிளறிக் கண்டுபிடிச்ச மருந்து அவர் கைக்கு எட்டினது. அவர் செஞ்ச பெட்டி, அவர் பார்த்தே இராத பசங்க கைக்கு எட்டினது. எட்டுச்சா எட்டலையா என்பதுதான் ரெண்டு இடத்திலும் கேள்வி. முப்பது வருஷ டாக்டர் வேலையில் நான் தினமும் பார்க்கிற கேள்வியும் அதுதான்.

37/
என் கதையும் கொஞ்சம். சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டு வந்த கேசியோ ஒண்ணு என்கிட்ட இருந்தது. எம்பிபிஎஸ் ரெண்டாம் வருஷம், புத்தகம் வாங்கக் காசு இல்லாம அதை வித்தேன். அந்தக் காசில் வாங்கின ஃபார்மகாலஜி புத்தகத்தில்தான் ஸ்ட்ரெப்டோமைசின் படிச்சேன். அந்தக் கேசியோ யார்கிட்ட போச்சுன்னு தெரியாது. பல வருஷம் அதை நஷ்டம்னே நினைச்சுக்கிட்டிருந்தேன். இப்ப அப்படித் தோணல.

38/
டேக் ஹோம் மெசேஜ். டாக்டர் ஆச்சே, மருந்துச் சீட்டு இல்லாம அனுப்ப மாட்டேன்.

ஒண்ணு: பரண் மேல் கிடக்கிற கீபோர்டு, கிட்டார், வயலினை இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்குங்க. பேட்டரியை முதல்ல கழட்டுங்க. அது கசிஞ்சு உள்ளே அரிச்சுடும்.

ரெண்டு: வீட்டில் யாரும் வாசிக்கலைன்னா, ஓடுற நிலையில் இருக்கும்போதே கடையில் கொடுங்க, இல்ல தெரிஞ்ச பிள்ளைக்குக் கொடுங்க. அடாப்டரையும் சேர்த்து.

39/
மூணு: பிள்ளைக்கு வாத்தியம் வாங்கறீங்களா? முதல் வாத்தியம் செகண்ட் ஹேண்டாவே இருக்கட்டும். எல்லாக் கட்டையையும் அழுத்திப் பாருங்க, ஒலியை முழுசா ஏத்தி இறக்கிப் பாருங்க, ஹெட்ஃபோன் ஓட்டையைச் சோதிங்க, கடையிலேயே பத்து நிமிஷம் வாசிக்க விடுங்க.

நாலு: ஹெட்ஃபோனில் சத்தம் குறைவா வெச்சுக் கேளுங்க. அந்த 'பூம்' நெஞ்சுக்கு இதம். காதுக்கு இல்லை. போன கேள்வி திரும்பி வராது.

40/
கடைசியா, பொண்ணோட கீபோர்டு.

ரெண்டாயிரத்துக்கே கொடுத்துட்டு வந்தேன். ஒன்பதாவது நாள் அந்தப் பக்கம் போனப்ப எட்டிப் பார்த்தேன். அலமாரியில் இல்லை.

"போயிடுச்சு டாக்டர், அஞ்சாவது நாளே. ஒரு அம்மாவும் பையனும் வந்தாங்க. அந்த ஒட்டுற கட்டையைச் சொல்லித்தான் கொடுத்தேன். 'பரவால்ல அங்கிள், அதை விட்டுட்டு வாசிக்கிறேன்'னான்."

உங்க வீட்டுப் பரண்ல என்ன இருக்குன்னு கீழே சொல்லுங்க.